கயிறு விசாரணையில் இருக்கிறது

உலகத்தின் மனசாட்சி எங்கே இருக்கிறது என்று யாராவது உங்களைக் கேட்டால், அவசரப்பட்டு ஜெனீவா, நியூயார்க் என்று உளறி மானத்தை வாங்கிவிடாதீர்கள். 1951-ஆம் வருஷம் ஐப்பசி மாதம் முதல் அது சங்கரன்கோவில் மேலரத வீதியில், ஒரு வீட்டின் முன்கட்டு அறையில் இருந்து வருகிறது. மாலை ஐந்து மணிக்குத் திறந்து ஏழு மணிக்கு மூடும். பிரதோஷத்தன்று விடுமுறை.

அதற்குப் பெயர் 'அறவழிக் கொள்முதல் ஆராய்ச்சி சபை'. காரியதரிசி நான். பெயர் கைலாசநாதன். தலைவர் காந்திமதிநாத பிள்ளை, ஓய்வு பெற்ற டெபுடி தாசில்தார், வீடும் அவருடையதுதான். அங்கத்தினர் நாறும்பூநாதன், ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். மூன்றே பேர்தானா என்று கேட்பீர்கள். மனசாட்சிக்குக் கூட்டம் எதற்கு? தவிரவும் அறையில் நாற்காலி மூன்றுதான் இருந்தது.

சபை பிறந்த வரலாற்றைச் சொல்லாமல் மேலே போவது மரியாதையாகாது. தலைவருடைய மருமகப்பிள்ளை மதராஸிலிருந்து ஒரு டின் பிஸ்கோத்து அனுப்பியிருந்தார். தலைவர் ஒன்றை எடுத்து வாய்ப்பக்கம் கொண்டுபோன சமயம், வாத்தியார் அந்த டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இந்தத் தகரம் மலேயாவில தோண்டுதது அண்ணாச்சி. அங்கன சுரங்கத்துல நம்ம ஆளுக இருமி இருமியே சாகுதாவ" என்றார். பிஸ்கோத்து பாதி வழியில் நின்றுவிட்டது. அமைதியான மனசோடு அதைத் தின்ன அவரால் முடியவில்லை. ஆகவே அமைதியில்லாத மனசோடு தின்றார். டின் காலியாவதற்குள் சபை உருவாகிவிட்டது.

நோக்கம் எளிமையானது. எந்தப் பொருளை வாங்குவதானாலும், அது எந்தத் தேசத்தில் பிறந்தது, யார் கை பட்டது, அந்தக் கைக்கு நோவு உண்டாயிற்றா என்பதை விசாரித்து, பாவம் கலக்காதது என்று தெரிந்த பிறகே வாங்க வேண்டும். அதற்காக 'நமூனா 1' என்று பதினோரு கலம் கொண்ட ஒரு படிவத்தை நானே தயாரித்தேன். சொன்னால் தற்பெருமையாகப் படும், ஆனால் சொல்லாமல் முடியவில்லை: எட்டாவது கலத்தைப் படித்துவிட்டுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'இப்பொருளில் பட்ட கை புண்ணானதா? ஆம் / இல்லை.' பதினோராவது கலம் 'பாவம் நிகழ்ந்த இடம்'. அதை நிரப்புவதற்கென்றே வாத்தியார் ஸ்கூலில் கழித்துப் போட்டிருந்த உலக உருண்டை ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். பழைய உருண்டை. இந்தியாவின் தெற்கு முனையில் கட்டை விரலை வைத்தால் மதுரை முதல் கன்னியாகுமரி வரை மறைந்துவிடும். எங்களுக்கு வேண்டியது மற்ற தேசங்கள்தான் என்பதால் அதை யாரும் ஒரு குறையாக எண்ணவில்லை.

தேறிய பொருளின் நமூனாவில் குத்துவதற்கு 'குற்றமற்றது' என்று ஒரு ரப்பர் முத்திரையும் செய்து வைத்தோம். ரப்பர் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். முத்திரை இல்லாமல் முத்திரைக்கு எப்படி முத்திரை குத்துவது? அந்தச் சிக்கலைத் தலைவர் ஒரே வார்த்தையில் தீர்த்து வைத்தார். "அது ஆபீஸ் சாமான் வே" என்றார்.

முதல் மாதத்தில் நாங்கள் தள்ளிவைத்த பொருள்கள் பென்சில், சைக்கிள் டயர், முகப்பவுடர், குடை. குடையை ஒதுக்கியதற்குச் சங்கரன்கோவிலில் பாராட்டு இல்லாமல் இல்லை. அந்த வருஷம் மழையும் இல்லை. காப்பியைப் பற்றியும் ஒரு நாள் நமூனா எடுத்தோம். மலைத் தோட்டத்தில் அட்டைக் கடியோடு பழம் பறிக்கிறார்கள் என்று வாத்தியார் ஆரம்பித்தார். அப்போது காப்பி ஆறிக்கொண்டிருந்தபடியால் விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. பிறகு அது கூட்டத்தின் முன் வரவில்லை.

அந்தக் காப்பிக்கும், நாங்கள் கால் கழுவுவதற்கும், அறைக்கு முன்னால் தெளிப்பதற்கும் தண்ணீர் பின்கட்டுக் கிணற்றிலிருந்து வந்தது. வந்தது என்றுதான் அன்றைக்கெல்லாம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முத்துமீனாள் என்று ஒருத்தி அதை இறைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். புருஷன் இல்லை. எங்கள் சபையோடு அந்தத் தெருவில் இன்னும் மூன்று வீடுகளுக்கும் இறைப்பாள். அதுதான் அவளுக்குப் பிழைப்பு. மற்ற மூன்று வீட்டுக் கிணறும் முப்பதடி. எங்களுடையது அறுபதடி.

கார்த்திகை மாதம் ஒரு நாள், கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போது அவள் வாசற்படிக்குக் கீழே வந்து நின்றாள்.

"ஐயா, வாளிக்கயிறு இத்துப் போச்சு. ஏழு எடத்துல முடிச்சுப் போட்டிருக்கேன். முடிச்சு உருளையில சிக்குது. வெட்டி இழுத்தா உள்ளங்கையைக் கிழிக்கு. ஒரு புதுக்கயிறு வாங்கித் தாங்க."

"இதுக்கு என்னட்டி, நாளைக்கே வாங்கிட்டாப் போச்சு" என்றார் தலைவர்.

இந்த இடத்தில் சரித்திரத்தில் என் பங்கைச் சொல்லியாக வேண்டும். கனைத்தேன். "அண்ணாச்சி, நமூனா?" என்றேன்.

தலைவர் ஒரு கணம் தயங்கினார். பிறகு முகத்தில் அந்தப் பழைய டெபுடி தாசில்தார் களை வந்தது. "ஆமா. நமக்குன்னு ஒரு நியாயம், ஊருக்குன்னு ஒரு நியாயமா? விசாரிச்சிரும்" என்றார்.

"எத்தனை நாளாகும் அண்ணாச்சி?" என்று முத்துமீனாள் என்னைக் கேட்டாள்.

"உலகம் எவ்வளவு பெரிசுன்னு உனக்குத் தெரியாது முத்துமீனா" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு இறைக்கப் போனாள்.

மறுநாள் பஜாரில் பீர் மைதீன் கடைக்குப் போனேன். கயிறு, வாளி, ஆணி, மண்வெட்டி எல்லாம் விற்கிற கடை.

"வாங்க அண்ணாச்சி. என்ன வேணும்?"

"கயிறு."

"எத்தனை முழம்?"

"அது பொறவு. முதல்ல, இதைத் திரிச்ச பொம்பளையாளு பேரு என்ன?"

பீர் மைதீன் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடையை விட்டு இறங்கி வந்து, எனக்குத் துணையாகக் கூட வந்தவர்கள் யாராவது தெருவில் நிற்கிறார்களா என்றும் பார்த்தார்.

"பேரு தெரியாது அண்ணாச்சி. நான் விருதுநகர்ல எடுக்குதேன். விருதுநகர்க்காரன் ஆலப்புழையில எடுக்குதான்."

"அவளுக்குக் கை புண்ணா?"

"யாருக்கு?"

"திரிச்சவளுக்கு."

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரிக்குக் கால் வலின்னே அவ சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆலப்புழைக்காரிக்குக் கை புண்ணான்னு நான் என்னத்தச் சொல்ல?"

'வியாபாரி விவரம் தர இயலாமையைத் தெரிவித்தார்' என்று நான்காவது கலத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆலப்புழைக்கு ஒரு கடிதம் போட்டோம். ஊரில் கயிறு திரிக்கிற எவருக்கேனும் கிடைக்கட்டும் என்று விலாசம் எழுதினோம். தபால் இலாகாவின் மேல் எங்களுக்கு அவ்வளவு நம்பிக்கை. இரண்டு மாதம் கழித்து அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் பதில் எழுதியிருந்தார். தேங்காய் மட்டையை மாதக்கணக்கில் காயல் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள் என்றும், பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதை எடுத்து அடிக்கிறார்கள் என்றும், அவர்கள் உள்ளங்கையில் தோல் நிற்பதில்லை என்றும் எழுதியிருந்தார். நான் அதை வாசித்துக் காட்டினேன். எங்கள் வாத்தியார் உருண்டையில் ஆலப்புழையைத் தேடினார். அவருடைய கட்டை விரலுக்கு அடியில் எங்கேயோ அதுவும் இருந்தது.

"கடவுளே, உள்ளங்கையில தோலே நிக்காதாமே" என்றார் தலைவர். "முத்துமீனா, ஏட்டி, கொஞ்சம் தண்ணி கொண்டா. நெஞ்சு அடைக்கு."

முத்துமீனாள் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். கையில் துணி சுற்றியிருந்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, தென்னங்கயிற்றைத் தள்ளுபடி செய்து, ஆலப்புழைச் சகோதரிகளுக்கு அனுதாபத் தீர்மானம் நிறைவேற்றி, இரண்டு நிமிஷம் எழுந்து நின்றோம். செம்பை எடுக்கக் காத்திருந்த முத்துமீனாளும் எங்களோடு நின்றாள். எதற்கு நிற்கிறோம் என்று அவள் கேட்கவில்லை.

அப்புறம் சணல். வாத்தியார் உருண்டையை ஒரு சுற்று சுற்றினார். சணல் விளைகிற வயல் கிழக்குப் பாகிஸ்தானில், நூற்கிற மில் கல்கத்தாவில், லாபம் போய்ச் சேருகிற இடம் ஸ்காட்லாந்து. மூன்று தேசத்தின் பாவம் ஒரே கயிற்றில். தள்ளுபடி. கப்பலில் கட்டுகிற மணிலாக் கயிறு பிலிப்பைன்ஸ் தீவில் விளைவது. அந்தத் தீவில் நடந்த யுத்தங்களை வாத்தியார் மூன்று கூட்டங்களில் விவரித்தார். நான்காவது கூட்டத்தில் தள்ளுபடி. பனைநார்க் கயிறு நம்முடையதுதான், ஆனால் பனையேறி விழுந்து செத்தவர்களை நினைத்தபோது எங்களுக்கே பயமாக இருந்தது. இதற்கிடையில் தேசத்தில் முதல் பொதுத்தேர்தல் வந்து போனது என்று கேள்விப்பட்டோம். எங்களுக்கு ஓய்வில்லை.

கிணற்றுக் கயிற்றில் முடிச்சு பதினொன்றாகி, பதினாலாயிற்று. மாசி மாதம் ஒரு நாள் அது அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. பக்கத்து வீட்டிலிருந்து பாதாளக்கரண்டி இரவல் வாங்கி வாளியை எடுக்கலாம் என்று முத்துமீனாள் சொன்னாள். இரவல் வாங்குவது 'கொள்முதல்' ஆகுமா என்ற கேள்வி எழுந்தது. முக்கால் மணி நேரம் விவாதித்து ஆகாது என்று முடிவு செய்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனால், அவள் எப்போதோ வாளியை எடுத்து, அறுந்ததை இன்னொரு முடிச்சுப் போட்டு, இறைத்துக்கொண்டிருந்தாள். சபையின் முடிவுக்குக் காத்திராமல் காரியம் செய்ததற்காக அவளை மென்மையாகக் கண்டித்தோம்.

பங்குனியில் பீர் மைதீன் தானாகவே வந்தார். தோளில் ஒரு புதுக்கயிற்றுச் சுருணை.

"அண்ணாச்சி, அந்தம்மா கையைக் கடைத்தெருவில பாத்தேன். எனக்குப் பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு. இந்தாங்க. துட்டு வேண்டாம். சும்மா வச்சுக்கிடுங்க."

எங்களுக்கு மனம் நெகிழ்ந்தது. ஆனால் நெகிழ்ச்சிக்கு நமூனாவில் கலமில்லை.

"வே, பீர் மைதீன்" என்றார் தலைவர், "உம்ம நல்ல மனசு எனக்குப் புரியுது. ஆனா இனாம் கயித்துக்குப் பாவம் கெடையாதுன்னு எங்கன எழுதியிருக்கு? துட்டுக் குடுத்தாப் பாதிப் பாவம் உமக்கு. சும்மா வாங்கினா முழுசும் எனக்குல்லா வந்துரும்."

பீர் மைதீன், "நீங்க படிச்ச ஆளுக. நான் கடைக்காரன்" என்று சொல்லிவிட்டுச் சுருணையைத் தூக்கிக்கொண்டு போனார். படிப்பின் பெருமையை ஒரு வியாபாரியே ஒப்புக்கொண்டதைக் குறிப்பேட்டில் ஏற்றினேன்.

சித்திரையில் எங்கள் விசாரணை அதன் உச்சத்தைத் தொட்டது. நூல் கயிறு என்று ஒன்று இருப்பது வாத்தியாருக்கு ஞாபகம் வந்தது. "கடல் தாண்ட வேண்டாம் அண்ணாச்சி. நம்ம குருவிகுளத்துக் கரிசல்ல விளையுத பருத்தி. இங்கனயே திரிச்சுக்கிடலாம்" என்றார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நமூனாவை எடுத்து, ஐந்தாவது கலம் 'பருத்தி எடுத்தவர் யார்' என்று வாசித்தேன்.

"குருவிகுளத்துப் பொம்பளையாளுக" என்றார் வாத்தியார்.

"யாரு புஞ்சையில?"

வாத்தியார் உருண்டையைப் பார்த்தார். நான் தலைவரைப் பார்த்தேன். குருவிகுளத்தில் எண்பது ஏக்கர் கரிசல் காடு அவருக்குத்தான் இருந்தது. வருஷா வருஷம் ஆடித் தபசன்று அம்மன் சப்பரத்தின் மேல் விவசாயச் சம்சாரிகள் பருத்தியும் வத்தலும் வீசும்போது, முதல் குத்துப் பருத்தியை வீசுகிறவரும் அவர்தான்.

"எட்டாவது கலம்" என்றேன் நான், வாய் சும்மா இல்லாமல். "பருத்திக் காய் ஓடு குத்தி அந்தப் பொம்பளைக கை..."

"கைலாசம்" என்றார் தலைவர். மெதுவாகத்தான் சொன்னார். "ஒரு விதி எழுதிக்கிடும். நம்ம சபை உலக சபை. தாலுகா எல்லைக்குள்ள நடக்குதது பாவத்துல சேராது. அது வழக்கம். ஆகவே தாலுகாவுக்குள்ள விசாரணை கெடையாது."

"அப்ப நூல் கயிறு வாங்கிரலாமா அண்ணாச்சி?" என்று வாத்தியார் ஆவலாகக் கேட்டார்.

"விசாரிக்காம எப்படிவே வாங்குதது?"

எழுதிக்கொண்டேன். வெளியே உள்ளதை விசாரித்தால் வாங்க முடியாது. உள்ளே உள்ளதை விசாரிக்க முடியாது, ஆகவே வாங்க முடியாது. இப்படி எந்தப் பக்கமும் ஓட்டையில்லாத ஒரு விதியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஆனி மாதம் கடைசியில் அந்தக் காரியம் நடந்தது. முத்துமீனாள் கொண்டுவந்து வைத்த காப்பியைக் கையில் எடுத்த தலைவர், கீழே வைத்தார். டம்ளரின் வெளிப்பக்கத்தில் சிவப்பாக ஒரு விரல் அடையாளம் இருந்தது. முத்துமீனாளைக் கூப்பிட்டுக் கையைக் காட்டச் சொன்னோம். அவள் துணியை அவிழ்த்தாள். அதை எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆலப்புழை வாத்தியார் எழுதியிருந்தது இதைத்தானோ என்று தோன்றியது.

"மத்த வீட்டுலயெல்லாம் கொஞ்ச நாளைக்கு வரவேண்டாம்னுட்டாவ ஐயா. கை ஆறட்டும்னுட்டாவ" என்றாள். "இந்த வீடு ஒண்ணுதான் இருக்கு. இந்தக் கயித்துல இறைச்சா ஆறவும் மாட்டேங்கு. கை போச்சுன்னா எனக்கு வேற என்னய்யா இருக்கு? கயிறு எப்பய்யா வரும்?"

சபை கதிகலங்கிவிட்டது. அவசரக் கூட்டம் போட்டோம். இந்தப் பெண்ணின் கை ஆற வேண்டும், உடனே ஆற வேண்டும், என்ன செலவானாலும் ஆற வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது. என்ன செய்வது என்பதுதான் கேள்வி. வாத்தியார் களிம்பு என்றார். களிம்பு இங்கிலாந்து என்று அவரே சொல்லிக்கொண்டார்.

தலைவர்தான் கண்டுபிடித்தார். "ஊர்ல அம்மன் இருக்கும்போது நாம ஏன்வே உலகத்தைச் சுத்துதோம்?" என்றார். "தபசு வருது. ஒரு கை வாங்கிப் போட்டுருவோம்."

எங்கள் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்தது. பாம்பு பயம் என்றால் பாம்பு உரு, தேள் என்றால் தேள் உரு, கண் நோவென்றால் கண், கால் நோவென்றால் கால். மெல்லிய தகட்டில் அடித்துக் கோயில் வாசலில் விற்பார்கள். நோவுக்காரர்கள் அதை வாங்கி அம்மனுக்கு நேர்ந்து உண்டியலில் போடுவார்கள். முத்துமீனாளின் கைக்காகச் சபையின் செலவில் ஒரு கை உரு வாங்குவது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று.

நமூனா உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடாது. நாங்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. வெள்ளி மெக்ஸிகோ, தள்ளுபடி. தகரம் மலேயா, பிஸ்கோத்து ஞாபகம் வந்து தலைவர் முகம் வாடியது. கடைசியில் கோயில் வாசல் கடைக்காரர் ஒரு இரகசியம் சொன்னார். உண்டியலில் விழுகிற உருக்களைக் கோயிலில் ஏலம் விடுவார்களாம். அதை எடுத்து இவர் மறுபடி விற்பாராம். அந்தக் கை எத்தனையோ வருஷமாக உண்டியலுக்கும் கடைக்கும் நடந்துகொண்டிருக்கிறதாம்.

"அப்படின்னா அதுல பாவம் மிச்சமிருக்காது அண்ணாச்சி" என்றார் வாத்தியார். "பல தடவை உண்டியல்ல கழிஞ்சிருக்கும்."

ஆராய்ந்து பார்த்தோம். நியாயமாகவே பட்டது. கயிற்றுக்கு எட்டு மாதம் எடுத்துக்கொண்ட சபை, கைக்கு நாலே நாளில் தீர்ப்புச் சொன்னது. காய்ந்து போயிருந்த மைப்பெட்டியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு, சபையின் சரித்திரத்திலேயே முதன் முறையாக 'குற்றமற்றது' என்று குத்தினேன். கை கொஞ்சம் நசுங்கியிருந்தது. இடது கை வேறு. முத்துமீனாளுக்கு இரண்டு கையும் புண் என்பதால் அதை ஒரு குறையாக யாரும் சொல்ல முடியாது.

தபசுக்கு முந்தின நாள் விழா. தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், நடுவில் அந்தத் தகட்டுக் கை. தலைவர் பேசினார். அருமையான பேச்சு. ஆலப்புழை, கல்கத்தா, மலேயா, மெக்ஸிகோ என்று புறப்பட்டு உலகத்தில் கை நொந்தவர்கள் எல்லோரையும் நினைவுகூர்ந்து முத்துமீனாளிடம் வந்து சேர முக்கால் மணி ஆயிற்று. அவள் வாளியை வைத்துவிட்டு நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

தட்டை நான்தான் நீட்டினேன்.

"இது என்னது அண்ணாச்சி?" என்றாள்.

"கை முத்துமீனா. உனக்காகச் சபை வாங்கினது. நாளைக்கு அம்மனுக்குப் போட்டுரு. ஆறிரும்."

"கயிறு?"

"கயிறு விசாரணையில இருக்கு."

அவள் தட்டைப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். படவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். நாங்கள் மூவரும் பின்னாலேயே போனோம். கிணற்றுச் சுவரின் மேல் அந்தக் கையை நிமிர்த்தி வைத்தாள். கயிற்றின் நுனியை எடுத்து அதன் மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றினாள். முடிச்சு மட்டும் போடவில்லை.

"அம்மனுக்கு என் கை தெரியும் ஐயா. அவளுக்கு அடையாளம் காட்ட வேண்டாம்" என்றாள். "உங்களுக்குத்தான் தெரியல. இந்தா, வெலை குடுத்து நல்லா விசாரிச்சு ஒரு கை வாங்கியிருக்கிய. இனிமே இது இறைக்கும்."

"எங்கட்டி போறே?" என்றார் தலைவர்.

"பீர் மைதீன் அண்ணாச்சி வீட்டுல கூப்பிட்டிருக்காவ. கை ஆறுத வரைக்கும் உக்காந்து பிள்ளைகளைப் பாத்துக்கிடச் சொன்னாவ. பொறவு இறைப்பேன். அங்கன கிணத்துல புதுக்கயிறு" என்றாள். நடையைத் தாண்டிப் போய்விட்டாள்.

பிறகு தலைவருக்குத் தாகம் எடுத்தது. நல்ல வெயில், முக்கால் மணி நேரப் பேச்சு வேறு. கையைப் பார்த்தார். அது இறைக்கிற மாதிரித் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்.

"கைலாசம், ஒரு வாளி போடுமே."

போட்டேன். அறுபதடி என்றால் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முதல் முடிச்சு உருளையில் சிக்கியது. வெட்டி இழுத்தேன். இரண்டாவது முடிச்சில் தோல் வழண்டது. நாலாவதில் ரத்தம். மொத்தம் இருபத்திரண்டு முடிச்சு. வாளி மேலே வரும்போது அதில் கால்வாசி இருந்தது. எனக்கு அழுகை வந்தது என்று சொல்வதற்கு வெட்கமாக இருக்கிறது. எட்டு மாதமாக வராதது அன்று ஏன் வந்தது என்று நினைத்தபோது இன்னும் வெட்கமாக இருந்தது.

அறைக்கு வந்து ஒரு புது நமூனாவை எடுத்தேன். பொருள்: தண்ணீர். யார் கை பட்டது: முத்துமீனாள். கை புண்ணானதா: ஆம். இதெல்லாம் மளமளவென்று நிரம்பிவிட்டது. கடிதம் போட வேண்டியிருக்கவில்லை. பதினோராவது கலத்துக்கு வந்து வாத்தியாரைப் பார்த்தேன். "பாவம் நிகழ்ந்த இடம் என்ன போட?"

வாத்தியார் பூதக்கண்ணாடியை எடுத்து உருண்டையின் மேல் வைத்து வெகுநேரம் தேடினார். இந்தியாவின் தென்கோடியில் தடவித் தடவி மினுமினுப்பாகிவிட்ட ஓர் இடம் இருந்தது. "நம்ம ஊர் இதுல இல்லியே" என்றார்.

தலைவர் நான் இறைத்த கால் வாளித் தண்ணீரைக் குடித்துவிட்டு மேல் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"உலகத்திலேயே இல்லாத ஊர்ல பாவம் எப்படிவே நடக்கும்?" என்றார். "அதும் தாலுகாவுக்குள்ள. சபை மேல ஒரு குத்தமும் இல்ல. முத்திரையைக் குத்தும்."

குத்தினேன். வலது கையில் துணி சுற்றியிருந்தபடியால் இடது கையால் குத்தினேன். கொஞ்சம் கோணலாக விழுந்தது. அந்த நமூனா இன்றும் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ தேசங்களையும் எத்தனையோ சரக்குகளையும் தயவு தாட்சண்யம் பாராமல் விசாரித்த எங்கள் சபையில், 'குற்றமற்றது' என்ற முத்திரை மொத்தம் இரண்டுக்குத்தான் விழுந்தது. ஒன்று, அந்தத் தகட்டுக் கை. மற்றது, நாங்கள்.